கட்டைவிரல் பக்கம்

கள்ளக்குறிச்சி
11.9.1996

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று இந்த ஒரு வாரமாக நினைக்காத நேரமில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் சந்தில் ஒருவன் உன் கையைப் பிடித்து இழுத்ததையும், ஆட்டோ வரவே விட்டுவிட்டு ஓடியதையும் நீ எழுதியிருந்ததை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தாய், அந்த வரியை மட்டும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் அன்றே பூனாவுக்கு ரயில் ஏறியிருப்பாள். எனக்கும் வா என்று எழுதத்தான் கை போனது. நீ போய் இரண்டு வருஷமாகிறது, உன் கட்டிலில் இன்னும் யாரையும் உட்கார விடுவதில்லை, உன் அம்மா அதில் துணி மடித்து வைத்தால்கூட எனக்குக் கோபம் வருகிறது.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் 'அந்த வழியாக ஏன் தனியாகப் போனாய்' என்ற வாக்கியம் வந்து விழுந்திருந்தது. அதையே வேறு வார்த்தையில் நான் முன்பே ஒரு முறை எழுதியவன். நீ அப்போது ஏழாம் வகுப்பு. உன் சித்தி பாப்பாத்தி கரியாலூருக்குச் சத்துணவு சமைக்கப் போய்வந்தபோது, மலைப்பாதையில் நம் ஊர்க்காரன் ஒருவன் பின்னாலிருந்து கட்டிப்பிடிக்க, அவன் சுண்டுவிரலை ஒடித்துவிட்டு ஓடிவந்தாள். பஞ்சாயத்தில் விரல் ஒடிந்தவனுக்குத்தான் இரக்கம். நம் ஜனத்தில் பட்டம் படித்தவன் என்று வழக்கம்போல் என்னிடம் காகிதத்தை நீட்டினார்கள், இனி அந்த வழியில் தனியாகப் போகமாட்டேன் என்று அவள் சொல்வதாக அழகான கையெழுத்தில் நான் எழுதினேன். அதை அவள் நாலாகக் கிழித்து என் காலடியில் போட்டுவிட்டுக் கரியாலூரிலேயே தங்கிவிட்டாள். என்னை ஒதுக்கி வயதில் சின்னவனைத் தலைமையாசிரியர் ஆக்கியவர்களையும், வீடு குடிபோனதற்கு அழைக்காத உன் பெரியப்பா ராசுவையும் நான் மன்னித்ததில்லை, அந்த வரிசையில் இவளையும் பதினோரு வருஷமாக வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கரியாலூர் பஸ் ஏறினேன். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா மாமா, இன்னொரு காயிதம் எழுதிக்கினு வந்தீங்களா" என்றாள். உன் கடிதத்தைக் கடைசி வரி வரை வாசித்துக் காட்டினேன். கைமண்ணைத் தட்டிவிட்டு, கையக் குடுங்க என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. "நேரா இழுத்தா கெழங்கு வருமா, தண்டுதான் ஒடிஞ்சி கையோட வரும். இத்தினி படிச்சி இன்னா பிரயோசனம்" என்று சிரித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி. கையைப் பிடித்தால் பின்னுக்கு இழுக்காதே. அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் இடத்தில்தான் பிடி இளகியிருக்கும், உன் முழங்கையை அவன் பக்கமாக மடக்கி, மணிக்கட்டைத் திருப்பி அந்த இடைவெளி வழியாகச் சட்டென்று உருவிக்கொள். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் நிமிர்ந்து திமிறாதே, வண்டி இழுக்க மறுத்துப் படுக்கும் மாடு மாதிரி கனத்தைக் கீழே இறக்கு, குதிகாலால் அவன் பாதத்தை மிதி, எல்லா விரலையும் பிரிக்கப் பார்க்காமல் ஒற்றைச் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னுக்கு வளை. ஜடையைப் பிடித்தால் அவன் கையை உன் இரண்டு கையாலும் தலையோடு அழுத்திக்கொண்டால் வலி கம்மியாகும், பிறகு அவன் பக்கமே திரும்பி முழங்காலைப் பயன்படுத்து. இதெல்லாம் அவனை ஜெயிக்க அல்ல, ஓட ஒரு நொடி கிடைக்க. விட்டதும் கத்திக்கொண்டே வெளிச்சமும் ஆளும் இருக்கிற பக்கம் ஓட வேண்டும், நின்று திட்டக் கூடாது என்றாள், நீ என்னைப் போல நின்று திட்டுகிறவள் என்பது அவளுக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

மன்னிப்பு என்று நான் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை, எனக்கு அது வராது. அவளும் எதிர்பார்க்கவில்லை போல, ஒரு பை நிறையக் கிழங்கு கட்டிக் கொடுத்து பஸ் வரை வந்தாள். ஏறும்போது, "அவள வரச் சொல்லிடாதீங்க மாமா. வந்துட்டான்னா, நான் கிழிச்ச காயிதத்துல அவ கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்" என்றாள். பஸ் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வரும்வரை நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகவே வராதே அம்மா. இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உன் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். தப்பு உன் மேல் இல்லை, வழி மேலும் இல்லை. உன் மேட்ரனிடம் எழுத்து மூலமாகப் புகார் கொடு, உடன் வேலை செய்யும் பெண்களையும் கையெழுத்துப் போடச் சொல். சித்தி சொன்ன பிடிகளை அறைத்தோழியோடு தினம் பத்து முறை செய்து பழகு, மூளைக்குத் தெரிந்தால் போதாது, கைக்குத் தெரிய வேண்டும். நேற்று உன் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன், "இன்னாங்க, இவ்ளோதானா" என்று நாலு தரமும் உருவிக்கொண்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, டூட்டிக்குப் போகும்போது ஜடையைக் கொண்டையாக முடிந்துகொள், பதில் போட மறக்காதே. எந்தக் குறையும் அண்டாமல் நீ நீடு வாழ வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். பொங்கலுக்கு லீவு கேட்டு வா. திரும்பிப் போகிற அன்று பஸ் நிலையத்தில் உன் கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், பிடி லேசாக இருக்காது. உருவிக்கொண்டு நீ பஸ் ஏற வேண்டும்.

உன் அப்பா
பச்சமுத்து