ஹேஸல் மண்டபத்துக்கு எதிராக நான் வைத்த கையெழுத்து

அனுப்புநர்:
சிற்றம்பலம் மார்க்கண்டு (வயது 78),
46ஆம் இலக்க வீடு, ஹேஸல் மண்டபத்தை ஒட்டியது,
ஃபாரஸ்ட் கேட், லண்டன்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
லைசன்ஸ் பிரிவு, கவுன்சில் அலுவலகம்,
கிழக்கு லண்டன்.

விடயம்: ஹேஸல் மண்டபத்தின் இசை நிகழ்ச்சி லைசன்ஸை நிறுத்தக் கோரும் மனுவில் முதலாவதாக உள்ள என் கையெழுத்தை மீளப் பெறுதலும், 12.11.2025 அன்று தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் நான் சொன்ன பொய்யைத் திருத்துதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வருகிற வியாழக்கிழமை, 20ஆம் திகதி, காலை பத்து மணிக்குத் தாங்கள் மண்டபத்தின் லைசன்ஸை விசாரிக்கவிருக்கிறீர்கள். அதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இக்கடிதத்தை அதற்கு முன்னர் வாசித்துவிட வேண்டுமென்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். தமிழில் எழுதியிருப்பதைப் பொறுத்தருள வேண்டும். தங்கள் அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னது அவரிடம்தான்.

1. நான் 1994 முதல் இந்த வீட்டில் இருக்கிறேன். பாண் பேக்கரியில் இருபத்தேழு வருடம் மா மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி ஒன்பது வருடம். என் முன்னறைச் சுவரும் மண்டபத்தின் மேடைச் சுவரும் ஒரே சுவர். ஆகவே அங்கே ஒருவர் இருமினாலும் எனக்குக் கேட்கும்.

2. 14.10.2022 வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு என் கண்ணாடி அலுமாரியிலிருந்த கோப்பைகள் கிலுங்கத் தொடங்கின. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சண்டைக்குத்தான் போனேன். உள்ளே ‘ஈரச்சுவர்’ என்ற றொக் இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. நாலு பேர். அஜந்தா என்கிற பெண் கிற்றாரைப் போட்டுக்கொண்டு, கவுன்சில் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் ஏறுவதைப் பற்றித் தமிழில் பாடினார். தாங்கள் குறை நினைக்கக்கூடாது. எனக்கு அது தெரிந்த விடயம். அதை ஒருவர் பாட்டாக்கி நான் அன்றுவரை கேட்டதில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை கதவடியில் நின்றேன். ட்ரம்ஸ் அடிக்கிற யனுஷன் வந்து, “சத்தம் கூடவோ அங்கிள்?” என்று பயந்து கேட்டார். “ரெண்டாவது பாட்டிலை நீர் ஓடுறீர் தம்பி. ஆரும் உம்மைத் துரத்தேல்லை” என்று சொன்னேன். என் முதல் விமர்சனம் அதுதான்.

3. அன்றிலிருந்து இன்றுவரை இக்குழு இந்த மண்டபத்தில் அறுபத்தொரு நிகழ்ச்சி செய்திருக்கிறது. ஐம்பத்தெட்டுக்கு நேரே போனேன். மூன்று தடவை காய்ச்சல். கதிரையைச் சுவரோடு போட்டுக் கேட்டேன். எந்த நாள் எந்தப் பாட்டு முதலில் வந்தது, எதில் கிற்றார்க் கம்பி அறுந்தது என்பதெல்லாம் தாங்கள் கேட்டால் சொல்லுவேன். கடைகளில் இலவசமாக வைக்கிற நம்முடைய மாதப் பத்திரிகையில் ‘சுவருக்கு இந்தப் பக்கம்’ என்ற தலைப்பில் என் பெயரில் முப்பத்தொரு விமர்சனம் வந்திருக்கிறது. தமிழ் வானொலி ஒன்றுக்குப் பத்தொன்பது கடிதம் போட்டேன், இவர்களுடைய பாட்டைப் போடும்படி. அறிவிப்பாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “ஐயா, இதைப் போட்டால் எங்கட ஆக்கள் றேடியோவை நிப்பாட்டிப்போட்டுத் தேத்தண்ணி வைக்கப் போயிடுவினம்” என்றார். “தேத்தண்ணி கொதிக்கிற நேரம்தான் பாட்டு, போடுங்கோ” என்றேன். இருபதாவது கடிதத்துக்குத் தேவை வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போட்டார்கள்.

4. இனி நடந்த பிழையைச் சொல்லுகிறேன். 28.09.2025 ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபத்துக்கு மற்றப் பக்கத்து வீட்டுக்காரர் பிரதாபன் ஒரு தாளைக் கொண்டுவந்தார். “அண்ணை, ஹோல் விசயமாக் கவுன்சிலுக்கு ஒண்டு அனுப்புறம். வாசிச்சுப்போட்டு விருப்பமெண்டால் ஒரு கையெழுத்து வையுங்கோ” என்றார். நான் கண்ணாடியைப் போட்டேன். தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மனதுக்குள் முப்பது எண்ணினேன். தலையாட்டினேன். கையெழுத்து வைத்தேன்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஐயா. தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பேக்கரிச் சம்பளத் தாளுக்காக என் பெயரை மட்டும் படம் கீறுவதுபோலக் கீறப் பழகினேன். சின்னத் தாளென்றால் முப்பது, பெரிய தாளென்றால் அறுபது எண்ணுவேன். நாற்பது வருடமாக இந்த நாட்டில் என்னை ஒருவரும் பிடிக்கவில்லை. மண்டபத்துக்கு ஆதரவாக ஏதோ அனுப்புகிறார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

5. இம்மாதம் 11ஆம் திகதி தங்கள் கடிதம் வந்தது. என் கடிதங்களை வாசித்துச் சொல்லுகிறவர் எதிர்வீட்டு மெற்றில்டா. அப்டன் பார்க்கில் மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். என் விமர்சனங்களை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவரும் அவரே. அந்தக் கடிதத்தைப் பாதி வாசித்துவிட்டு நிறுத்தி, “என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள் அண்ணை?” என்று கேட்டார். இருபத்துமூன்று பேர் இரைச்சலுக்கு எதிராகக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்றும், மண்டபத்துக்கு மிக அருகில் இருப்பவர் என்ற முறையில் என்னுடைய ஆட்சேபத்துக்கு விசேட கவனம் கொடுக்கப்படும் என்றும் அதில் இருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் தங்கள் அலுவலகத்துக்குப் பேசினோம். கையெழுத்தை அழிக்கத் தவணை முடிந்துவிட்டது, நேரில் வந்து மூன்று நிமிடம் பேசலாம் என்றார்கள். பிறகு மொழிபெயர்ப்பாளர், “ஐயா, பேப்பரை வாசிச்சுத்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?” என்று கேட்டார். மெற்றில்டா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் “ஓம்” என்றேன். அந்த “ஓம்” தங்கள் பதிவில் இருக்கும். அது பொய்.

6. பிரதாபன் என்னை ஏமாற்றவில்லை. இதைத் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் போய் என் பெயரை எடுக்கக் கேட்டபோது அவர், “நீங்கள் கண்ணாடி போட்டு வாசிச்சதை நான் பாத்துக்கொண்டு நிண்டனான். இப்ப என்னைக் கள்ளனாக்கப் போறியளோ?” என்றார். அவர் கேட்டது நியாயம். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் செய்கிறவர். வேலைக்குப் போகுமுன் மாலையில் படுத்தால்தான் நித்திரை உண்டு.

மண்டபப் பொறுப்பாளர் றஜீனா எனக்கு ஒரு சுலபமான வழி சொன்னார். “ஏமாத்தி வாங்கினவை எண்டு ஒரு வரி தாங்கோ அங்கிள், காணும். மனுவே விழுந்திடும்.” இரண்டு நாள் அந்த வரியைப் பற்றி யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. அதைச் சொன்னால் மண்டபம் தப்பும், என் மானமும் தப்பும். பிரதாபன் மட்டும் போவார். அப்படியொரு வரியை நான் தரப்போவதில்லை.

7. இதில் எனக்குப் போவது என்னவென்றும் சொல்ல வேண்டும். என் விமர்சனங்களை இந்தப் பிள்ளைகள் மண்டபச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அஜந்தாவைப் பற்றி, “பாடும்போது தொண்டையை மிச்சம் பிடிக்கத் தெரியாத பிள்ளை, இன்னும் முப்பது வருடம் பாட வேண்டியவர் பழகிக்கொள்ள வேண்டும்” என்று சொன்னதை அவர் கிற்றார்ப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறார். டிசெம்பர் 12ஆம் திகதி இதே மேடையில் தம்முடைய முதலாவது இசைத்தட்டைப் பதிவு செய்கிறார்கள். அதன் பின்னட்டைக்கு, “நாலு வரி, உங்கட கையாலை எழுதித் தாங்கோ ஐயா, அப்பிடியே அச்சடிக்கிறம்” என்று அஜந்தா கேட்டிருக்கிறார். நான் கை நடுங்குகிறது என்று சொல்லி ஒரு மாதமாகக் கடத்துகிறேன். வியாழக்கிழமை அவர்கள் நாலு பேரும் விசாரணைக்கு வருவார்கள். நான் சொல்லப்போவதை அங்கேதான் முதன்முதல் கேட்பார்கள்.

லைசன்ஸ் போனால் இவர்களுக்கு வேறு இடம் இல்லை. சவுத்தாலில் ஒரு கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டென்றால் வாருங்கள் என்றார்கள். இன்னோர் இடத்தில் கதவே திறக்கவில்லை.

8. இரைச்சலைப் பற்றி அருகிலிருப்பவனாக என் உண்மையான சாட்சியம்: மண்டபத்தில் இசையை இரவு பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது விதி. அறுபத்தொரு நிகழ்ச்சியில் இரண்டு தடவை பிந்தியது. 08.12.2023 அன்று மின்சாரம் போய் வந்ததால் பன்னிரண்டு நிமிடம். 05.07.2024 அன்று ஒரு காரணமும் இல்லாமல் ஏழு நிமிடம். அதை விமர்சனத்திலும் கண்டித்திருக்கிறேன்.

பிரதாபன் வீட்டுக்கு இரைச்சல் கூடியதும் உண்மை. அதற்குக் காரணம் நான். 2024 ஜனவரிவரை ட்ரம்ஸ் என் சுவர்ப் பக்கம் இருந்தது. வயதுபோனவர் நித்திரை கொள்ள வேண்டும் என்று யனுஷன்தான் அதை மற்றப் பக்கத்துக்கு மாற்றினார். என்னைக் கேட்கவில்லை, நானும் மரியாதையாகச் செய்கிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த மரியாதை பிரதாபனுடைய மனைவியின் நித்திரையைக் கெடுத்திருக்கிறது.

ஆகவே ஐயா, தங்களிடம் நான் கேட்பது:

மனுவில் முதலாவது கையெழுத்தை ஆட்சேபமாக எடுக்கக்கூடாது. பிரதாபன்மீது எவ்விதக் குற்றமும் பதியக்கூடாது. லைசன்ஸை நிறுத்தாமல், ட்ரம்ஸைத் திரும்பவும் என் சுவரோடு வைக்கும்படி நிபந்தனை போட வேண்டும். கோப்பைகளை நான் அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். விசாரணை அன்று என் கையில் எந்தத் தாளையும் தந்து வாசிக்கச் சொல்லாமல், வாசித்துக் காட்ட வேண்டும். மூன்று நிமிடம் எனக்குப் போதும். நான் தாளைப் பார்த்துப் பேசுகிறவன் அல்ல.

காலம் குறைவாக இருப்பதால் தங்கள் பதிலைத் தொலைபேசியில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். இம்முறை கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்லுவேன்.

இடம்: ஃபாரஸ்ட் கேட்
திகதி: 17.11.2025

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சி. மார்க்கண்டு
(கையெழுத்து என்னுடையது. மற்ற எழுத்து என்னுடையது அல்ல.)

எழுதியவர் குறிப்பு: மேலே உள்ளதை மார்க்கண்டு அண்ணை சொல்ல நான் எழுதி, இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். நாலாம் பந்தியில் “கண் பார்வைக் குறைவால் வாசிக்க முடியவில்லை” என்று நானாக எழுதியிருந்தேன். அதை வெட்டச் சொல்லி, இப்போது இருப்பதை எழுத வைத்தவர் அவர்.
மெற்றில்டா அந்தோனிப்பிள்ளை