சால்வை போர்த்திய மதியம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கட்டடச் சாரத்தில் நிற்கும்போது லேசாகத் தலைசுற்றியது, அவ்வளவுதான்.

கொளுத்தும் மதியத்தில் கட்டட வேலையை நிறுத்தச் சட்டம் கேட்டு எங்கள் இளைஞர் குழு கொடுத்த மனுக்களை, பூமி சூடாகிறதென்று மேடைதோறும் முழங்கும் சட்டமன்ற உறுப்பினர் ஏசி அறையில் ஊறப்போட்டார். "உங்களுக்குப் பாராட்டு விழா" என்று அவரை அழைத்தோம். உச்சிவெயிலில் எங்கள் தகரக் கொட்டகைக்கு ஓடிவந்தார்! கனத்த சால்வை போர்த்தினோம். படமெடுப்பவர் நின்றதால் கழற்றவும் முடியவில்லை.

"ஃபேன் இல்லையாப்பா?" என்றார்.

"இங்க சோறு தின்னுட்டுத்தான் சார் திரும்பச் சாரம் ஏறுறோம்," என்றேன்.

வியர்த்து ஊற்ற, சட்டத்துக்காகப் பேசுவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தார். நேற்று சட்டசபையில் பேசியும்விட்டார், அம்மா! கொட்டகையே விசிலடித்தது. சட்டமாகும்வரை விடமாட்டோம்.

பழைய பருத்திச் சட்டைகளை அனுப்பு, நீ துவைத்தவை. சட்டம் வந்தால் மதியம் நீ சாப்பிடும் நேரத்தில் தினமும் பேசுவேன்; போனைப் பக்கத்திலேயே வை. மேஸ்திரி கத்துகிறார், வெயிலும் ஏறிவிட்டது.

உன் மகன்