ஏழாவது துளை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது காது நீங்கலாக. அங்கே உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், குறையவில்லை என்றால் மறைக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். நான் கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், இளகினால் மாமா ஜெயித்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். "யாருக்கும் தெரியப் போறதில்லையேம்மா, கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா இரேன்" என்றாய். மாமா உன்னிடம் பாதிக் கதைதான் சொல்லியிருப்பார். என் தம்பியை எனக்குத் தெரியாதா. மீதிப் பாதி இது.

நான் குடியுரிமைப் பிரிவில் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, சொல்ல அதில் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வந்து இங்கேயே தங்க விரும்புகிறவர்கள் நம் நாட்டின் ஆரம்ப கால வரலாற்றில் ஒரு தேர்வு எழுத வேண்டும். இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், ஒரு கட்டத்தை மையால் நிரப்ப வேண்டும். பதினைந்து வாங்கினால் தேர்ச்சி. மூன்று முறை தவறினால் கோப்பு மூடப்படும், தொண்ணூறு நாளில் கிளம்ப வேண்டும். திருத்துவது நான். என் மேசையில் ஓர் அட்டை உண்டு. இருபது துளைகள். விடைத்தாளின் மேல் அட்டையை வைப்பேன், துளைக்குள் மை தெரிந்தால் ஒரு மதிப்பெண். யோசிக்க வேண்டாம். யோசிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அட்டை. ஒன்பது வருடமாக அதே அட்டை, ஓரங்கள் என் விரல் பட்டுக் கறுத்துப் போயிருக்கின்றன. ஏழாவது துளையில் மட்டும் ஏறக்குறைய எல்லாரும் தவறுவார்கள். அதை வைத்து அலுவலகத்தில் ஒரு சிரிப்பு உண்டு. "கோட்டை கூடத் தெரியல, குடியுரிமை மட்டும் வேணுமாம்." நானும் சிரித்திருக்கிறேன்.

ஏழாவது கேள்வி: நம் நாட்டின் முதல் மக்கள் சபை எங்கே கூடியது. அரண்மனை முற்றம், கோட்டை மண்டபம், நீதிமன்றம், துறைமுகத்து உப்புக் கிடங்கு. உன்னிடம்கூடத் தொலைபேசியில் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா. "கோட்டை. இதுகூடத் தெரியாதாம்மா எனக்கு?" என்று கோபப்பட்டாய். வைத்துக்கொள், அந்தக் கோபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாற்பது நாள் முன்பு ஒருவர் வந்தார். கண்ணாடி வெட்டுகிறவர், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி போடுகிறவர். பதினான்கு வருடமாக இந்த ஊரில்தான் வேலை. மூன்றாவது முறையும் தவறிவிட்டார், கடைசி இரண்டு முறையும் பதினான்கு மதிப்பெண். வந்து கத்தவில்லை. கத்துகிறவர்களை அனுப்புவது சுலபம். "மேடம், மத்ததெல்லாம் தப்புன்னா ஒத்துக்கறேன். கோட்டை கூடத் தெரியலன்னு நீங்க சிரிக்கிறது வெளிய வரைக்கும் கேக்குது. ஏழாவத மட்டும் ஒரு தடவ பாருங்க" என்றார். விடைத்தாளைக் காட்டக் கூடாது, விதி, என்றேன். "எனக்குக் காட்ட வேணாம். நீங்க பாருங்க." பார்த்துத்தான் போட்டிருக்கிறோம், அடுத்தவர் வரலாம், என்றேன். அவர் நகரவில்லை. "அந்தக் கெடங்குக்குப் பதினாறு கண்ணாடி போட்டவன் மேடம் நான்" என்றார். சொல்லிவிட்டு ஒரு சிறு புத்தகத்தைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனார். தேர்வுக்குப் படிக்க நாங்களே அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம். நான்காம் பக்கம் மடித்திருந்தது.

அந்தப் புத்தகம் ஒன்பது வருடமாக என் முழங்கைக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாக இருக்கிறது. நான் அதைத் திறந்ததே இல்லை. தெரிந்ததைத் திறந்து பார்ப்பானேன். மதியம் சாப்பிடும்போது திறந்தேன். நான்காம் பக்கம், மூன்றாவது பத்தி: முதல் சபை துறைமுகத்து உப்புக் கிடங்கில் கூடியது, நினைவுக்கல் இன்றும் அங்கே உள்ளது.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டேன். தட்டச்சு செய்கிற பெண் தலையைக்கூடத் தூக்காமல், "கோட்டைதான்க்கா, தபால்தலையிலயே இருக்கே" என்றாள். பிரிவு அதிகாரி என்னைக் கவலையோடு பார்த்து, "உடம்பு சரியில்லையா மேடம்? கோட்டை" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். காதில் கருவியைத் திருகிக்கொண்டே, "ஓ, அவங்க கூடினாங்களா?" என்றார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பதில் அதுதான். மாமாவைக் கேட்டதுதான் தப்பு. முப்பது வருடம் வரலாற்று வாத்தியார் அல்லவா. கோட்டையின் படிகள் எத்தனை, மண்டபத்துத் தூண்கள் எத்தனை, சபையில் முதலில் எழுந்து நின்றவர் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார் என்பதுவரை சொன்னார். கண் எதிரே பார்த்தவர் மாதிரி. புத்தகத்தைக் காட்டினேன். "அச்சுப்பிழைக்கா" என்றார்.

சனிக்கிழமை துறைமுகத்துக்குப் போனேன். உப்புக் கிடங்கு இப்போது வண்டி உதிரிபாகக் கிடங்கு. வாசலில் இருந்த பையன், "என்ன பார்ட் வேணும்மா?" என்றான். கல், என்றேன். அவன் உள்ளே திரும்பி யாரிடமோ, "அண்ணே, கல்லு கேக்கறாங்க" என்று கத்தினான். மேலே பதினாறு ஜன்னல்கள், எண்ணினேன். டயர் அடுக்குக்குப் பின்னால் சுவரோடு பதித்த ஒரு பலகைக்கல். முழுதும் தெரிய நாலு டயரை நகர்த்த வேண்டியிருந்தது, பாவம், அந்தப் பையனும் பிடித்தான். எழுத்து தேய்ந்திருந்தது. விரலை வைத்துத் தடவித்தான் படித்தேன். கோட்டைக் கதவு எங்களுக்குத் திறக்கப்படாததால் பதினொரு நாள் இங்கே கூடினோம். அவ்வளவுதான். கையில் கரி ஒட்டிக்கொண்டது. உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அப்புறம் ஒருநாள் கோட்டைக்குள் போயிருக்கிறார்கள், அங்கே யாரோ படம் வரைந்திருக்கிறார்கள், படம் தபால்தலையாகிவிட்டது. நமக்குத் தெரிந்தது அந்தத் தபால்தலைதான். பையன், "கெடச்சுதாம்மா?" என்றான். கிடைத்தது என்றேன்.

இனி மாமா உன்னிடம் சொல்லாத பகுதி. அவருக்கே தெரியாது, அப்பாவுக்கு மட்டும் சொன்னேன். அந்தத் துளையைப் போட்டது நான். ஒன்பது வருடம் முன்பு கேள்வித்தாள் மாறியபோது தலைமை அலுவலகத்திலிருந்து விடைப் பட்டியல் வந்தது. என் தேநீர் அதன்மேல் கொட்டியது. ஏழாவது வரி மட்டும் கலைந்துபோய் எழுத்துத் தெரியவில்லை. மறுபடி கேட்டு எழுதியிருக்கலாம், நான்கு நாள் ஆகும். புத்தகத்தைத் திறந்திருக்கலாம், நான்கு நிமிடம் ஆகும். நான் கேள்வியைப் படித்தேன், இது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், துளையிடும் கருவியை வைத்து அழுத்தினேன். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. சந்தேகம் வந்திருந்தால் தப்பித்திருப்பேன். வரவே இல்லை. என் நாடு, எனக்குத் தெரியாதா என்ற ஒரு திமிர், தொலைபேசியில் உன் கோபத்தில் இருந்த அதே திமிர், அது திமிர் என்றுகூட அப்போது தெரியவில்லை. புத்தகத்தைப் படித்து வந்து சரியாக எழுதியவர்களை, படிக்காத நான் ஒன்பது வருடம் தவறு என்று போட்டிருக்கிறேன்.

பழைய விடைத்தாள்களைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பின்னறையில் கட்டுகளாக இருக்கின்றன. மூன்று வாரம் மதிய இடைவேளையில் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தேன். பதினான்கு வாங்கி, ஏழாவதில் உப்புக் கிடங்கை நிரப்பியிருந்தவர்களை மட்டும் தனியே எடுத்தேன். அறுபத்து மூன்று பேர். கோட்டை என்று நிரப்பி, என் தவற்றால் பதினைந்தைத் தொட்டவர்கள் நான்கு பேர். கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு அவர் தாளை அவருக்குக் காட்டினேன். ஆமாம், விதியை மீறித்தான். அவர் தாளைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். "சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றார், தனக்குத்தானே. இரண்டு வருடமாக அந்த மனிதர் தன்மேலேயே சந்தேகப்பட்டிருக்கிறார், என்னால்.

பிரிவு அதிகாரியிடம் அறுபத்து மூன்று தாள்களையும் வைத்தேன். கெட்டவர் இல்லை அவர், பயந்தவர். "அடுத்த மாசத்துலருந்து புது அட்ட போட்டுக்கலாம் மேடம். பழச ஏன் கிளறுறீங்க" என்றார். அதில் பாதிப் பேர் நாட்டை விட்டே போய்விட்டார்கள், என்றேன். "அதத்தான் நானும் சொல்றேன், போயிட்டாங்க." பிறகு கெட்டிக்காரத்தனமாக, "சரி, அந்த நாலு பேரு? அவங்களத் திருப்பி அனுப்பணுமே, சம்மதமா?" என்று மடக்கினார். அவர்களை யாரும் தொடக் கூடாது, அலுவலகத்தின் பிழைக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பு, என்றேன். அடுத்த வருடம் பத்து வருடக் கெடு முடிந்ததும் பழைய கட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்துவிடுவார்கள். அவர் காத்திருப்பது அதற்குத்தான், அவருக்கே அது தெரியுமோ தெரியாதோ.

மூன்றாம் நாள் எனக்குக் கடிதம் வந்தது. விடைத்தாளைக் காட்டியதற்கு விசாரணை, வியாழக்கிழமை, மூன்று அதிகாரிகள். கூடவே நான் கையெழுத்திட்டால் விசாரணையே வேண்டாம் என்று தட்டச்சு செய்த ஒரு தாள். இரண்டே வரி. விதியை மீறி விடைத்தாளைக் காட்டினேன், வருந்துகிறேன். மதிப்பெண்ணில் பிழை எதுவும் இல்லை. முதல் வரிக்கு இந்த நிமிடமே கையெழுத்துப் போடுவேன். இரண்டாவது வரிக்கு மாட்டேன். மாமா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பதினாலு மாசம்க்கா. பதினாலு மாசம் வாய மூடிட்டு இருந்தா ஓய்வூதியத்தோட வெளிய வரலாம். உனக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்றார். ஒன்பது வருடம் யாரையும் ஒன்றும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், அதனால் வந்தது இது, என்றேன். "கேவலம் ஒரு கேள்விக்கா" என்றார். ஒரு கேள்விதான். அந்த ஒரு கேள்வியில்தான் அறுபத்து மூன்று பேர் வெளியே நிற்கிறார்கள். அவர் உனக்குத் தொலைபேசியில் பேசியது அதற்கு அடுத்த நாள்.

யாருக்கும் தெரியப் போவதில்லை என்கிறாய். சரிதான், தெரியப் போவதில்லை. யாருக்குமே எதுவுமே தெரியாது என்பதுதான் இந்த மூன்று வாரத்தில் நான் கற்றது. எனக்குத் தெரியும் மகளே. நான் ஒருத்தி போதும்.

என் வாக்குமூலத்தை இன்று காலை தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தேநீர் உட்பட எல்லாம் எழுதியிருக்கிறேன். அறுபத்து மூன்று எண்களும் அதில் இருக்கின்றன, முதலில் கண்ணாடிக்காரரின் எண், அவருக்கு இன்னும் நாற்பத்தொன்பது நாள் மிச்சம். இனி யாராலும் அதை என் மேசைக்குள் வைத்துப் பூட்ட முடியாது. நானே நினைத்தாலும் முடியாது. அதற்காகத்தான் உன்னிடம் கேட்காமல் முதலில் தபாலில் போட்டேன், கோபித்துக்கொள். வியாழக்கிழமை அந்த மூன்று அதிகாரிகளுக்கும் ஆளுக்கு ஒரு கேள்வித்தாளும் பேனாவும் கொண்டுபோகிறேன். இருபது கேள்விகள், புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. மூன்று பேரில் ஒருவர் பதினைந்து வாங்கட்டும், அவர் சொல்கிற தண்டனையை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறேன். அப்போதும் அந்த இரண்டாவது வரிக்குக் கையெழுத்து கிடையாது. அப்பாவும் கூட வருகிறார். சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறார். உள்ளே விட மாட்டார்கள் என்றேன். "வெளிய உக்காந்திருக்கேன். எனக்கு உள்ள இருந்தாலும் கேக்காது" என்கிறார்.

வேலை போனால் போகட்டும், நீ பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. முழங்காலுக்கு வைத்தியரைப் பார், படியேறுவதைக் குறை, வேளைக்குச் சாப்பிடு. மாமாவோடு சண்டை போடாதே, அவர் எனக்காகப் பயப்படுகிறார், அதுவும் ஒரு பாசம்தான். இதோடு ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறேன். உட்கார்ந்து எழுதி எனக்குத் திருப்பி அனுப்பு. எதையும் பார்த்து எழுதாதே, பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும், உன் லட்சணம் எனக்குத் தெரியும். பதினைந்துக்குக் குறைந்தால் வெட்கப்பட வேண்டாம். நான் போன வாரம் எழுதினேன். பதினொன்று. ஏழாவதைச் சேர்த்து.

நீ நூறு வயது நன்றாக இரு. எங்கே போய் நின்றாலும் உனக்குக் கதவு திறக்கட்டும்.

இப்படிக்கு,
துளையைப் போட்டவள்,
உன் அம்மா.