அறைக்குள் நுழையாத பீரோ

நம் வீட்டு முதலாளியம்மாவுக்கு உன் தொழிலாளிப் புருஷன் எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் சலவைக்கூடத்து மேலாளர் கூப்பிட்டு, "இஸ்திரியா, டெலிவரி வேனா? சாயங்காலத்துக்குள்ள சொல்லுப்பா" என்றார். சட்டை எடுக்கப் போனாலே நான் மதில்மேல் பூனை என்று உனக்குத் தெரியும். மத்தியானம் வரை இரண்டையும் மாற்றி மாற்றி எடைபோட்டேன். அப்போதுதான் நீ வாங்கிய பீரோ ஞாபகம் வந்தது. அது படுக்கையறை வாசலில் நுழையவில்லை என்று எல்லாரும் தலையில் கைவைத்தபோது, "அதுக்கென்ன, சமையலறையில நிக்கட்டும்" என்று நீ அரிசி, பருப்பை அதில் அடுக்கிவிட்டாய். இன்று அது இல்லாமல் உனக்குச் சமையலே ஓடாது. தப்பாக வாங்கியதையும் சரியாக்கிக்கொள்ளும் அந்தத் தைரியம் எனக்குப் பிறவியில் இல்லை. உன்னிடம் கொஞ்சம் இரவல் வாங்கிக்கொண்டு, "வேன், சார்" என்றேன்.

முதல் நாளே ஓட்டலுக்குப் போகவேண்டிய விரிப்புகளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டேன். பயப்படாதே, திரும்ப ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். வேலை போகவில்லை.

அந்த பீரோ கதவு கீச்சென்று திறக்குமே, அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்து அனுப்பு. சும்மாதான்.

வேனில் மூட்டை ஏற்றிவிட்டார்கள், கிளம்பவேண்டும். ஒரு சந்தேகம். என்னைக் கட்டிக்கொள்ளச் சரி என்றாயே, நானும் உனக்கு அந்த பீரோ மாதிரிதானோ? வேண்டாம், அதற்குப் பதில் எழுதாதே.