ஆயாவைத் தேடினார்களா?

1988 ஜூலை 3, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மழை மட்டும் இல்லை. குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி. துவைக்கவில்லை.

ஆயாவுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. ரசம் சாதம் இரண்டு வாய். அவளை விட்டுவிட்டுப் பூசைக்குப் போக மனமில்லை. வீட்டுக்காரர் சேவியர் மட்டும் போய் வந்தார்.

மத்தியானம் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "டேய் கொக்கு, நில்றா! நானும் வர்றேன்" என்றாள். சின்னப் பிள்ளைக் குரல். 

யார் இந்தக் கொக்கு? எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் கிடையாது.

ஜூலை 5, செவ்வாய்

காய்ச்சல் இறங்கிவிட்டது. இட்லி கேட்டாள். நல்ல அறிகுறி.

அரை நாள் லீவு போட்டேன். கம்பெனியில் டெலிபோன் போர்டை யார் பார்ப்பார்கள் என்று மேனேஜர் முணுமுணுத்தார். பார்த்துக்கொள்ளட்டும்.

ஆயாவிடம் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, "அது என் அண்ணன்டி. ஒத்தக் கால்ல நிப்பான், அதான் கொக்கு" என்றாள்.

ஆயாவுக்கு அண்ணன்! அம்மாவைப் பெற்றவள், அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள். இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்: சிறு பெண்ணாக ஆவடி ரயில் நிலையத்தில் அழுதுகொண்டு நின்றாளாம். ரயில்வே கேட்காரர் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாராம். பிள்ளை இல்லாதவர்கள். ஞானஸ்நானம் கொடுத்து மரியம்மாள் என்று பெயர் வைத்தார்கள். ஆயா அவரை 'நைனா' என்பாள். திருஇருதயப் படத்துக்குக் கீழே தலைப்பாகையோடு இருக்கும் போட்டோ அவருடையதுதான்.

"உங்க ஊர் எது ஆயா?"

"தெர்லடி. ஊட்டாண்ட பெரிய ஏரி. காத்தால சூரியன் தண்ணிக்குள்ளேந்து எழுந்து வரும். என் பேரு பச்ச. பச்சையம்மா."

"தேடிப் பார்க்கலாமா?"

 இட்லித் தட்டை நகர்த்திவிட்டு, "ஊரு ஒறவெல்லாம் எனக்கு எதுக்கு? என்னைத் தேடுனாங்களா, இல்ல வேணும்னே வுட்டுட்டுப் போனாங்களா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்றாள்.

ஜூலை 6, புதன்

சேவியரிடம் சொன்னேன். "இந்த வயசுல அவங்களப் போட்டு என்னத்துக்கு அலைக்கழிக்க?" என்கிறார். தூத்துக்குடியில் அவருக்கு ஏழு தலைமுறைக்குப் பெயர் தெரியும். அவருக்கு எப்படிப் புரியும்.

கடையில் வாங்க: கோதுமை மாவு, ஆயாவுக்கு ஹார்லிக்ஸ், நூல் கண்டு (நீலம்).

ஜூலை 9, சனி

பக்கத்து வீட்டு சாரதா அக்கா மல்லிப்பூ கொண்டு வந்தாள். அவளும் நானும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். ஆயா சுவரில் சாய்ந்தபடி தானாகவே பேச ஆரம்பித்தாள். அன்றைக்குப் புதுப் பாவாடையாம். எல்லாரும் ரயிலில் போனார்களாம். அம்மா ஒரு வெல்லக் கட்டியைக் கையில் கொடுத்துக் குளத்தில் போடச் சொன்னாளாம். "துன்ற வெல்லத்தைத் தண்ணில போடறாங்களேன்னு எனக்கு அழுவ வந்துச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாரதா அக்கா கீரையைக் கீழே போட்டாள். "லில்லி, அது திருவள்ளூர்டி! அமாவாசைக்குப் பெருமாள் கோயில் குளத்துல வெல்லம் கரைப்பாங்க. எங்க மாமியார் இன்னிக்கும் போறாங்க. பச்சையம்மான்னு பேர் வச்சிருக்காங்கன்னா திருமுல்லைவாயல் பக்கமா இருக்கும். அங்கதான் பச்சையம்மன் கோயில் இருக்கு."

ஆக, திருவள்ளூரிலிருந்து திரும்பும்போது கூட்டத்தில் ஆவடியிலேயே இறங்கிவிட்டாள். அவளுடைய ஆட்கள் அதைத் தாண்டி இறங்க வேண்டியவர்கள். ஊர் பக்கத்தில்தான்! இங்கேயே எங்கேயோ!

ஆயா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆய ஆரம்பித்தாள்.

ஜூலை 10, ஞாயிறு

திருமுல்லைவாயல். சாரதா அக்காவும் நானும். நல்ல வெயில். கோயிலைச் சுற்றி வீட்டுக்கு வீடு ஒரு பச்சையம்மா. ஒரு பாட்டி, "காணாமப் போனதா? எங்க ஊட்டுக்காரரு கூடத்தான் காணாமப் போய்ட்டாரு, கண்டா சொல்லு" என்றாள். சிரித்து மாளவில்லை. மற்றபடி வெறுங்கை.

கால் வலி. தைலம்.

ஏரிகள்: அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, அயனம்பாக்கம். சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்தால் வீடு மேற்குக் கரையில். யோசித்தது நான்தான். சாரதா அக்கா, "நீ டெலிபோன் எடுக்க வேண்டிய ஆளே இல்ல, போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்றாள்.

ஜூலை 17, ஞாயிறு

 ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

காலையில் அம்பத்தூர் ஏரிக்கரை. ஒன்றுமில்லை. அயனம்பாக்கம் போகும்போது உச்சி வெயில். டீக்கடையில் சாரதா அக்கா பச்சையம்மா கதையைச் சொன்னாள். யாருக்கும் தெரியவில்லை. எழுந்திருக்கும்போது சும்மா கேட்டேன். "கொக்குன்னு பட்டப்பேர் உள்ள பெரியவர் யாராவது?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "கொக்கு தாத்தாவா? தோ, ஏரிக்கரையோட போங்க. வேப்ப மரத்தாண்ட ஓட்டு ஊடு."

கயிற்றுக் கட்டிலில் நீளமான கிழவர். ஒல்லி. மடித்த காலைத் தூக்கி இன்னொரு காலின்மேல் போட்டிருந்தார். பெயர் கோவிந்தசாமி. மருமகள் தேவகி மோர் கொடுத்தாள். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, "வேதக்காரங்களா?" என்று கேட்டாள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "தாத்தா, உங்களுக்குத் தங்கச்சி யாராவது..." என்றேன்.

'ச்சு' என்று ஒரு தரம் சூள் கொட்டிவிட்டுத்தான் பேசினார். ஆயாவும் அப்படித்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பச்சன்னு ஒருத்தி இருந்தா. திருவள்ளூர் போய்ட்டு வரும்போது ரெயில்ல தொலைச்சிட்டோம். நீ யாரும்மா?"

"அவங்க பேத்தி."

கிழவர் எழுந்து உட்கார்ந்தார். "உயிரோட கீறாளா?"

"இருக்காங்க தாத்தா. ஆவடியில. எங்க வீட்ல."

"நல்லா சோறு துன்றாளா?"

அதுதான் கேட்டார். அழுதுவிட்டேன். சாரதா அக்காவும்.

பிறகு அவர் சொன்னது. மறக்குமுன் எழுதிவிடுகிறேன். கூட்டம் இறங்கிய இடம் ஆவடிதான் என்று மறுநாளே அப்பாவும் இவரும் அங்கே நடந்தே போயிருக்கிறார்கள். ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு குடிசை. கேட்காரர் வெளியே வந்து, குழந்தை எதையும் பார்க்கவில்லை என்றாராம்.

"நான் வேலியைப் பாத்தேன். பாவாடை காஞ்சிகினு இருந்திச்சு. மஞ்சள்ல பச்சைக் கரை. எங்கம்மா அமாவாசைக்குன்னு எடுத்தது. 'அப்பா, அது பச்ச பாவாடை'ன்னேன். ரெயில்வேக்காரரு பொய் சொல்வாரான்னு எங்கப்பன் என்னைத்தான் அடிச்சாரு. அப்பால அவருக்கே பொறுக்கல. அடுத்த அமாவாசைக்கு மறுக்கா போனோம். குடிசைல வேற ஆளு. பழைய ஆளு தானே மாத்தல் கேட்டு வாங்கிகினு ஜோலார்பேட்டைக்குப் போய்ட்டான்னாங்க. எங்கப்பன் தண்டவாளத்தைப் புடிச்சிகினே நடந்து அரக்கோணம் வரைக்கும் போனாரு. அதுக்கு மேல வழி தெர்ல, திரும்பிட்டாரு. எங்கம்மா சாவற வரைக்கும் வெல்லத்தைக் கையால தொடல."

ஜோலார்பேட்டை. ஆயா வளர்ந்த ஊர். கல்யாணமாகி அப்புறம்தான் இந்தப் பக்கம் திரும்ப வந்தாள்.

தேடியிருக்கிறார்கள். ஓடி வந்து சொல்ல வேண்டிய செய்தி. ஆனால் நைனா?

ஜூலை 18, திங்கள்

சொல்லவில்லை. திருமுல்லைவாயல் மாதிரிதான், ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய். ஆயா "சரி வுடு" என்று என் காலுக்குத் தைலம் தேய்க்க வந்தாள். வெட்கமாக இருந்தது.

சேவியர்: "சொல்லிராத. நைனா மேல உசுரையே வச்சிருக்காங்க. இனிமே அந்த போட்டோவை எப்படிப் பாப்பாங்க?"

அந்தப் பக்கம் கொக்கு தாத்தா காத்திருக்கிறார். தேவகி தினமும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போர்டில் இரண்டு தடவை தப்பான லைன் கொடுத்தேன்.

ஜூலை 20, புதன்

பெய்தது ஒருவழியாக. கொடியில் இருந்த துணியெல்லாம் போச்சு.

ஆயா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "செத்துட்டானா அவன்?" என்றாள்.

"யாரு?"

"உன் மூஞ்சியே சரியில்ல ஞாயித்துக்கெழமைலேர்ந்து. எதுவா இருந்தாலும் சொல்லு. நான் பாக்காத சாவா?"

சொல்லிவிட்டேன். அண்ணன் இருப்பதை, அப்பா அரக்கோணம் வரை நடந்ததை, அம்மா வெல்லம் தொடாததை. வேலியில் காய்ந்த பாவாடையையும். சொல்லச் சொல்ல, அவள் விரல்கள் அரிசிக்குள் அப்படியே நின்றுவிட்டன.

"இன்னா கலர்னான்?"

"மஞ்சள். பச்சைக் கரை."

"ஆமா." ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "அதை அப்பால அம்மா எனக்குப் போடவே குடுக்கல. கவுன் தெச்சிப் போட்டாங்க. பூப் போட்ட கவுன்" என்றாள். அம்மா என்றது நைனாவின் மனைவியை.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நைனா சாவும்போது என் கையைப் புடிச்சிகினு 'மன்னிச்சிடும்மா'ன்னாரு. எதுக்குன்னு தெர்ல. கல்யாணத்துக்கு நகை போடலைன்னு மனசுல வச்சிகினு சொல்றாருன்னு நெனச்சேன். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல நைனா'ன்னுட்டேன்."

அரிசியைப் புடைத்தாள். இரண்டு தரம், மூன்று தரம்.

"தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருப்பேனோ இன்னவோ. சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்."

அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

சாயங்காலம் பார்த்தால் நைனாவின் போட்டோ சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. சேவியர் சரிசெய்யப் போனார். "இருக்கட்டும் தம்பி. இன்னிக்கு ஒரு நாளு அவரு அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

ஜூலை 21, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தால் போட்டோ நேராக இருந்தது. கண்ணாடிகூடத் துடைத்திருக்கிறாள்.

"எப்போ போறோம்?" என்றாள். "அந்த நீலச் சேலைக்குப் பொருத்தமா ஜாக்கெட் இருக்குதா எனக்கு?"

இல்லை. நீல நூல்கண்டு வாங்கியது நல்லதாகப் போயிற்று. என் பழைய ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க வேண்டும்.

ஜூலை 24, ஞாயிறு

முதல் பூசை முடிந்ததும் ஆட்டோ. ஆயா, நான், சேவியர்.  ஏரி கண்ணில் பட்டதும் ஆயா என் தொடையை இறுகப் பிடித்தாள்.

முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் கொக்கு தாத்தா வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, சவரம் செய்த முகம், தாடையில் வெட்டுக் காயம். தெருவே கூடியிருந்தது. ஆயா இறங்கினாள்.

"பச்ச" என்றார் அவர்.

"ஆங்" என்றாள் ஆயா. அவ்வளவு சட்டென்று. எத்தனை வருஷமாக யாரும் கூப்பிடாத பெயர்!

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று ஊரே காத்துக்கொண்டிருந்தது. கிழவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாடி இப்டி நரைச்சிட்ட?" என்றார்.

"உனக்கு நரைக்கக்கூட முடி இல்லியே."

தேவகி சிரித்துக்கொண்டே அழுதாள். சேவியர் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். அலைக்கழிக்காதே என்றவர்! சொல்லிக் காட்ட வேண்டும்.

சாப்பாடு: வரால் குழம்பு, அப்பளம், பாயசம். வெல்லப் பாயசம்தான். வாயில் வைக்குமுன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கை கழுவின பிறகுதான் தாத்தா ஆரம்பித்தார். "ஏன்டி அன்னிக்கு என் கைய வுட்ட?"

"நானா வுட்டேன்? நீதாண்டா கடலை உருண்டையப் பாத்துட்டு வுட்ட!"

"கடலை உருண்டையா? பொரி உருண்டை."

"கடலை உருண்டைதான். எனக்குத் தெரியும்."

பொழுது சாயும்வரை இதேதான். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கிளம்பலாம் என்றதும் ஆயா, "இவன் ஒத்துக்கினாதான் வருவேன்" என்று கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் இருக்கட்டும் என்று தேவகியும் சொன்னாள். ஜெபமாலையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஜூலை 27, புதன்

வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. யாரும் "மூஞ்சிய ஏன் இப்டி வச்சிகினு கீற" என்று கேட்கவில்லை. சாதம் மிஞ்சுகிறது.

ஜூலை 31, ஞாயிறு

அழைத்துவர அயனம்பாக்கம். மாற்றுச் சேலையோடு போனேன்.

தேவகி வாசலிலேயே, "ரெண்டு பேரும் நேத்துலேந்து பேசிக்கல" என்றாள். அம்மா எந்தக் காதில் இரட்டைத் தோடு போட்டிருந்தாள் என்பதில் சண்டையாம். ஆயா சமையற்கட்டில், அவர் கட்டிலில். ஆனால் அவர் இருமினால் ஆயா வெந்நீர் கொண்டுபோய் வைக்கிறாளாம், பேசாமல்.

"வா ஆயா, போலாம்."

"சண்டை பாதில கீது. பாதில எப்டி வர்றது? சேலையக் குடுத்துட்டுப் போ. அடுத்த வாரம் வா."

சிரிப்பதா அழுவதா. பையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வழியனுப்ப ஆயா செருப்பை மாட்டினாள். நாலடி வந்ததும் நின்றாள். திரும்பிப் பார்த்தேன். கொக்கு தாத்தா வெறுங்காலோடு பின்னால் வந்து, அவளுடைய முந்தானை நுனியை விரலில் சுற்றிப் பிடித்திருந்தார். அவர் பேசவில்லை.

ஆயாதான் பேசினாள்.

"எங்கயும் போவலடா. தெருமுனை வரைக்கும்தான்."