உடன்போக்குப் பாட்டும் கிருஷ்ணவேணியும்

திண்டிவனம்
12.02.2011

அன்பு மகன் ஆரோக்கிய ஜெனித்துக்கு அம்மா எழுதுவது,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் பிரியாவும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலத்தை எடுத்தாலே பேப்பரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார், அந்தப் படி ஏறும்போது மட்டும் வலிக்காதாம். போனில் சொல்லக் கூடாதா, இத்தனை பக்கம் எதற்கு என்று நீ கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில்தான் ஆரம்பித்தேன், பாதியிலேயே நீ, "விடும்மா, அந்த பிளாக்க டெலிட் பண்ணிட்டு நிம்மதியா இரு" என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ குறுக்கே பேச முடியாதபடி எழுதுகிறேன், முழுக்கப் படி.

லீவில் வந்தபோது அந்த வலைப்பூவை நீதான் தொடங்கிக் கொடுத்தாய், தமிழில் டைப் அடிக்கவும் சொல்லிக் கொடுத்தாய். விழுப்புரத்தில் எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பெண்களுக்குச் செய்யுள் என்றால் நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டிவிட்டு மறந்துவிடுவது, அவ்வளவுதான். நான் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், இதில் வாய் திறக்காமல் நிற்பது யார், அவர் பேசினால் என்ன பேசுவார், நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன், நன்றாக வந்ததை வலைப்பூவில் போடுவேன். தன் பெயரைக் கம்ப்யூட்டரில் பார்த்ததும் அந்தப் பிள்ளைகளுக்கு வந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தலைவன் செய்தது நியாயமா என்று சாப்பாட்டு நேரத்தில் சண்டை. இத்தனை வருட சர்வீஸில் செய்யுளுக்காகச் சண்டை போட்ட வகுப்பை நான் கண்டதில்லை. பொங்கல் கழிந்து உடன்போக்குப் பாட்டு நடத்தினேன். மகள் காதலித்தவனோடு போய்விடுகிறாள், பெற்றவள் வீட்டில் கிடந்து புலம்புகிறாள், இதுதான் பாட்டு, அந்த மகள் அதில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கெடாரிலிருந்து வரும் கிருஷ்ணவேணி அந்த மகளாகவே நின்று எழுதினாள். வெயிலில் நடக்கும்போது அவளுக்கு அவன் நினைப்பு வரவில்லையாம், அம்மா நினைப்புதான் வருகிறதாம். மாட்டுக்கு இப்போது யார் தண்ணீர் காட்டுகிறார்கள், கேப்பைக் களியில் பழக்கதோஷத்தில் எனக்கும் ஒரு உருண்டை எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் அதை என்ன செய்வாய் அம்மா என்று கேட்டிருந்தாள். ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு எழுத்து மாற்றாமல் அவள் பெயர் போட்டு வெளியிட்டேன்.

வினை அங்கேதான் வந்தது. அவள் பெரியப்பா மகன் விழுப்புரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு அவள் அப்பா தாண்டவராயனிடம், "உங்க பொண்ணு ஓடப்போறேன்னு நெட்ல எழுதிக்கினு கீது" என்று சொல்லியிருக்கிறான். மறுநாளிலிருந்து பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. மாப்பிள்ளை பார்க்க ஆள் விட்டிருக்கிறார்கள் என்று அவள் சிநேகிதிகள் வந்து அழுதார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, "பாட்ட நடத்தினோமா, மார்க் வாங்க வெச்சோமான்னு இல்லாம ஓடிப்போறத எழுதச் சொல்லிக்கினு இருக்கீங்களே டீச்சர்" என்றார். பாட்டு பாடப் புத்தகத்தில்தானே சார் இருக்கிறது என்று கேட்டேன். "புத்தகத்துல இருக்கலாம், பொண்ணு மனசுல இருக்கக் கூடாது" என்றார். நீயே சொல்லு, இதற்கு என்ன பெயர்? அதே பாட்டை மனப்பாடம் செய்து எழுதினால் முழு மார்க், புரிந்துகொண்டு எழுதினால் படிப்பை நிறுத்துவார்களா? போன மாதம் போர்க்களப் பாட்டுக்கு ஒருத்தி வெட்டு, குத்து, ரத்தம் என்று எழுதினாள், அவள் அரிவாளை எடுப்பாள் என்று ஒருத்தரும் பயப்படவில்லை. வலைப்பூவை அழிக்க வேண்டும், மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிருஷ்ணவேணி என்ன ஆனாள் என்று அந்த அறையில் ஒருத்தரும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை அப்பா எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் அவள் எழுதியதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கெடாருக்கு பஸ் ஏறினேன். வாசலில் மல்லாட்டை காயப் போட்டிருந்தார்கள். தாண்டவராயன் மரியாதையாக நாற்காலி போட்டு, "உங்க மேல கோவம் இல்லிங்க டீச்சர், ஊர்ல பேச்சாயிப்போச்சு" என்றார். எழுதியதை நீங்கள் படித்தீர்களா என்றேன். "எனக்கு எங்கிங்க படிக்கத் தெரியும், பையன் சொன்னான்" என்றார். நான் அந்தத் தாளை கிருஷ்ணவேணி கையில் கொடுத்து, நீ எழுதியதை நீயே படி என்றேன். படித்தாள். அவள் அம்மா அம்மணி மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் புருஷன் பக்கம் திரும்பி, "இதுல எவன் பேரு கீது சொல்லு. என்னத் தவிர யாரு கீறாங்க? நான் களி உருட்டறதக்கூட எழுதிக்கினு கீது. இதுக்கா எம் பொண்ண வூட்ல உக்கார வெச்ச" என்று கேட்டாள். அவர் மகளிடம், "ஸ்கூலு துணி தொவச்சி வெச்சிருக்கியா" என்றார். திங்கட்கிழமை முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளை வந்துவிட்டாளே, இனி பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். தாளாளர் விடவில்லை, மன்னிப்புக் கடிதம் எங்கே என்று ஆள் அனுப்பினார். கொடுத்தேன். 'பாடப் புத்தகத்தில் உள்ள பாட்டை மாணவிக்குப் புரியும்படி நடத்திவிட்டேன். இதற்காக நான் வருந்தவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை பதினொன்றாம் வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கி ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அப்பா, ரிட்டயர் ஆகும் சமயத்தில் இதெல்லாம் தேவையா என்கிறார், நீயும் அதையேதான் சொல்வாய். ஆறாம் வகுப்பிலும் செய்யுள் இருக்கிறது, அங்கேயும் வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள், நான் கேட்கத்தான் போகிறேன்.

பிரியாவை ஏசிக்கு நேராகப் படுக்க விடாதே, டாக்டர் சொன்ன மாத்திரையை நீயே எடுத்துக் கொடு. இரண்டு பேரையும் மாதா கைவிடாமல் காக்கட்டும், பிறக்கப்போகும் பிள்ளைக்கும் என் முத்தம். ஒன்று மட்டும் நினைவில் வை. வலைப்பூவின் பாஸ்வேர்டு உனக்கும் தெரியும், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து நீ அதில் கை வைக்கக் கூடாது. எழுதியவளையே கேட்டுவிட்டேன், அழிக்கட்டுமா என்று. "இருக்கட்டும் டீச்சர், எங்கம்மா இன்னொரு தரம் படிச்சிக் காட்டச் சொல்லிக் கேக்குது" என்றாள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா,
பா. சூசை மேரி