கடைசிக்காலக் கதைக்கு நீ சொன்ன அபிப்பிராயம்

அக்கா,

நேற்று திண்டிவனம் பஸ் நிலையத்தில் மரக்காணம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வசனக் காலண்டர்களும் ஜெபப் புத்தகங்களும் விற்கிற ஒருவர் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நடுவில், கறுப்பு வானமும் சிவப்பு நிலாவும் போட்ட அட்டையோடு நாம் உப்பளத்தில் சேர்ந்து வாசித்த கதை கிடந்தது. மாதாமாதம் ஊழியப் பத்திரிகையில் வந்ததை இப்போது ஒரே புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். எடுத்துப் பிரித்தேன். புது மை வாசனை மூக்கில் ஏறியது. பின்னட்டையில் வாசகர் கருத்துகள் என்று நாலைந்து பேர் எழுதியதைச் சேர்த்திருந்தார்கள். மூன்றாவது என்னுடையது.

"இது கதையல்ல, நடக்கப்போகும் நிஜம். இதைப் படித்த பிறகு என் விரலை எந்த இயந்திரத்திலும் வைக்கமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டேன். ஜெயசீலி, மரக்காணம்."

"நல்ல புஸ்தகம்மா. நிறைய பேரு வாங்கிட்டுப் போறாங்க" என்றார் அவர். நான் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். பெருமுக்கல் மலை ஜன்னலில் வந்து பின்னால் போகிறவரைக்கும் அந்த வரிகளையே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே நான் இந்த நாலு வருஷத்தையும் ஓட்டியிருக்கிறேன்.

நீ கிளியனூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்து, இங்கே உப்பு வாருகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். உன் பையனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைக்கமாட்டான் என்று கைவிரித்தபோது ஜெபவீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினாய். அவன் பிழைத்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முதல் பாயில் உட்காருகிறவள் நீதான். நான் பிறவியிலேயே கிறிஸ்தவள், பன்னிரண்டாவது வரை படித்தவள் என்கிற கர்வம் உள்ளவள். புருஷன் விட்டுப்போன பிறகு பெண்ணைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு வந்தேன். முதல் நாளே குதிகால் வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டு அழுதபோது, உன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி என் முன்னால் போட்டாய். "மாட்டிக்கடி. என் காலு மரத்துப்போயி வருஷமாச்சு" என்றாய். அன்றைக்கு ஆரம்பித்தது நம் சிநேகிதம்.

விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கினால் பத்தரை மணிக்கெல்லாம் வெயில் தாங்காது. கீற்றுக் கொட்டகையில் சோறு தின்றுவிட்டு ஐந்தாறு பேர் உட்காருவோம். நான் பத்திரிகையை விரித்து அந்தத் தொடரை வாசிப்பேன். இயேசுவின் இரகசிய வருகையில் விசுவாசிகள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, மற்றவர்கள் பூமியில் கைவிடப்படுகிற கதை. ஒரு மாதம், கல்யாண மண்டபத்தில் மாலை மாற்றும் நேரத்தில் மணப்பெண் மறைந்துபோகிறாள். பட்டுப்புடவையும் நகையும் நாற்காலியில் கிடக்கின்றன. மாப்பிள்ளை மாலையைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நீ மட்டும் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாய்.

"அந்தப் பையன் இன்னா தப்பு பண்ணான்?"

"அவன் மனந்திரும்பலக்கா. பேருக்குத்தான் கிறிஸ்தவன்."

"அதை ஒரு வரியாச்சும் எழுதியிருக்கணும் இல்ல. எழுதினவருக்கு அவன் மேல இன்னா கோவம்?"

இன்னொரு நாள், "மேல போறவங்க எல்லாம் கார் வெச்சிருக்கிறாங்க, ஆபீஸ் போறாங்க. உப்பு வார்றவ ஒருத்தியாவது இருக்கிறாளா பாரு. கூப்பிடுற நேரத்துல நாம குனிஞ்சிக்கிட்டு இருந்தா மேலேருந்து தெரியுமாடி?" என்றாய். பெண்கள் சிரித்தார்கள். எனக்கு உன் பேச்சு விவரமில்லாததாகப் பட்டது. வேதத்தைப் பற்றித் தெரியாதவள் பேசுகிற பேச்சு என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கதையை ஒழுங்காகக் கேட்டவள் நம்மில் நீ ஒருத்திதான்.

பிறகு முத்திரை அத்தியாயம் வந்தது. கதையில் அரசாங்கம் எல்லாருடைய கைரேகையையும் பதிகிறது; அதுதான் வேதம் சொல்கிற மிருகத்தின் முத்திரை. பதிந்தவர்களுக்குப் பரலோகம் இல்லை. பதியாதவர்களுக்கு அரிசி பருப்பு இல்லை. அதே மாதம்தான் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கைரேகை எடுத்து அடையாள அட்டை கொடுக்க முகாம் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"எழுதுடி. அந்தக் கதை எழுதுறவருக்குத்தான்."

நீ சொல்லச் சொல்ல எழுதினேன். "ஐயாவுக்கு ஸ்தோத்திரம். கதை நல்லாயிருக்குது. ஆனா பயமாயிருக்குது. ரேகை வைக்காதவங்களுக்கு ரேஷன் கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு பையன், காய்ச்சல்ல விழுந்து எழுந்தவன். அவனுக்கு நான் எப்படிச் சோறு போடுறது? உங்க கதையில வர்றவங்க காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிறாங்க. இங்க காடு இல்ல. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் உப்பு. எங்க ஊர்ல எடுக்கிற கார்டும் நீங்க சொல்ற முத்திரையும் ஒண்ணா, வேறயா? சீக்கிரம் சொல்லுங்க. முகாம் முடிஞ்சிடும்."

அக்கா, இன்றைக்குத்தான் சொல்கிறேன். அந்தக் கடிதம் போகவே இல்லை. கதை எழுதுகிற பெரிய மனுஷருக்கு இப்படியா எழுதுவார்கள் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுப்பில் போட்டேன். அதே காகிதக் கட்டிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, நானாக ஒன்றை எழுதி அனுப்பினேன். நான் எழுதியதை நானே நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. என் பெயர் அச்சில் வர வேண்டும் என்கிற ஆசைதான்.

வந்தது. கொட்டகையில் பத்திரிகையைக் காட்டினேன். "உன் பேரு அச்சுல வந்திருக்குதுடி" என்று என்னைவிட நீதான் பூரித்தாய். அப்புறம் கேட்டாய்.

"என்னுது போடலையா?"

"இடம் பத்தியிருக்காதுக்கா."

நீ ஐந்தாவது வரைதான் படித்தவள். என் வரிகள் மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, இரண்டு தரம் படித்தாய். "என்னுதைப் போடாம உன்னுதைப் போட்டிருக்காங்கன்னா, அதான் எனக்குப் பதிலு. வைக்கக் கூடாதுன்றாங்க."

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

முகாம் முடிகிறவரைக்கும் நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. நான் மட்டும் அடுத்த வருஷம், பெண்ணின் உதவித்தொகைக்காக, நம் ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று திண்டிவனம் வரைக்கும் போய்ப் பத்து விரலையும் வைத்துவிட்டு வந்தேன். ஐந்து நிமிஷ வேலை. திரும்பும்போது பூ வாங்கி வைத்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. அப்புறம் உப்பளத்தை விட்டுத் தையல் மிஷின் போட்டேன். சொல்வதற்கான வேளை இன்னும் தள்ளிப்போனது.

நீ என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். குடும்ப அட்டையில் உன் பெயர் விட்டுப்போனது. மழை மாதங்களில் உப்பு இல்லாதபோது மற்றவர்கள் அரசாங்கத்தின் நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலைக்குப் போனார்கள். கார்டு இல்லாத உன்னைச் சேர்க்கவில்லை. நீ கழுவெளிச் சதுப்பில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து விற்றாய். உன் புருஷன் ஒரு நாள் என் தையல் கடை வாசலிலேயே உன்னைச் சத்தம் போட்டார்.

"ஊரே எடுத்துட்டுது. உனக்கு மட்டும் இன்னா வந்துச்சு?"

"ஜெயாவே வைக்கல. படிச்சவ. நான் வைப்பனா?" என்றாய்.

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு வயிற்று வலி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கார்டு கேட்பார்கள் என்று எட்டு மாதம் மறைத்தாய். இரத்தப்போக்கு நிற்காமல் பாத்தி வரப்பிலேயே மயங்கி விழுந்த அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷனைக் காப்பீட்டில் செய்யலாம், அதற்குக் கார்டு வேண்டும் என்றார்கள்.

"பேஷண்ட்டுக்கு இல்லன்னா, கூட வந்திருக்கிறவங்க கார்டு ஒண்ணு காட்டுங்க. வார்டுக்குள்ள போறதுக்கு" என்றாள் சீட்டு எழுதுகிற பெண்.

உன் புருஷன் டீ வாங்கப் போயிருந்தார். வேறு வழி இல்லை. பைக்குள்ளிருந்து என்னுடையதை எடுத்து நீட்டினேன். சக்கர நாற்காலியிலிருந்து நீ அதைப் பார்த்தாய்.

"எப்ப எடுத்தே?"

"ஆறு வருஷமாச்சுக்கா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அப்புறம், "என்னையும் கூட்டிட்டுப் போ. நானும் வைக்கிறேன்" என்றாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் நீ.

மறுநாள் பதிவு செய்கிற இடத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். கண்ணாடியில் உன் விரல்களை வைத்தாய். திரையில் ஒன்றும் வரவில்லை. துடைத்துவிட்டு வைத்தாய். வரவில்லை. அந்தப் பையன் உன் கையைத் திருப்பிப் பார்த்தான்.

"உப்புல வேலை செய்றீங்களாம்மா? ரேகையே இல்ல. தேஞ்சு போயிருக்குது. தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க."

நீ உன் விரல் நுனிகளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாய். சிரித்தாய். "இதுக்காடி இத்தினி வருஷம் பயந்தேன். வைக்கிறதுக்கே ஒண்ணும் இல்லியே."

ஒரு வாரம் உன் விரல்களுக்கு எண்ணெய் தடவினேன். அடுத்த தடவை மூன்று விரல் பதிந்தது. மீதிக்குக் கண்ணைப் படம் எடுத்துக்கொண்டார்கள். நம்பர் வந்து, காப்பீட்டில் பெயர் ஏறி, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்னால் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்தார். "எல்லா இடத்துக்கும் பரவிடுச்சும்மா. ஆறேழு மாசம் முன்னாடி வந்திருந்தா செஞ்சிருக்கலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

உன் அடக்கத்தில் போதகர் பேசினார். கடைசிவரைக்கும் மிருகத்தின் முத்திரைக்கு விரல் கொடுக்காத சகோதரி என்று உன்னைச் சொன்னார். அவருக்கு நிஜம் தெரியாது. உன் புருஷன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஜனங்கள் ஆமென் சொன்னார்கள்.

போன மாதம் ஜெபவீட்டுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு ரவிக்கை தைக்க வந்தாள். குழந்தைக்குக் கார்டு எடுக்கப்போவதில்லை, அந்த அக்கா மாதிரி உறுதியாக நிற்கப்போகிறேன் என்றாள். குழந்தை நெஞ்சுச் சளியில் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு அவளிடம் சொன்னேன். நீ விரல் வைத்ததை, வைக்க நினைத்தும் பதியாமல் போனதை, என் கையாலேயே எண்ணெய் தடவியதை. அவள் முகம் இறுகிவிட்டது.

"செத்தவங்க சாட்சியை அழிக்காதீங்க ஆன்ட்டி. அது பாவம்."

"நான் கூடவே இருந்தேன்மா."

"நீங்க எழுதினதை நாங்க படிச்சிருக்கிறோம். இப்ப பின்வாங்கிட்டீங்க."

தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரோடு திரும்புகிறவரைக்கும் குழந்தையின் இருமல் கேட்டது. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. குழந்தை எப்படி இருக்கிறதென்று யாரிடமும் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை அவளிடமும் சொல்லவில்லை, உன் புருஷனிடமும் சொல்லவில்லை. நீ போவதற்கு மூன்று நாள் முன்னால், மத்தியானம், உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம் என்று கையை அசைத்தாய்.

"ஜெயா. நான் வெச்சிட்டேன் இல்ல."

"அது வெறும் கார்டுக்கா. அந்த முத்திரையெல்லாம் கதைதான் அக்கா. யாரோ உக்காந்து எழுதினது."

"கதைதான்னு எனக்கும் தெரியுது. நெசமா இருந்துச்சுன்னா? எல்லாரும் போயிட்டு என்னை மட்டும் விட்டுட்டாங்கன்னா?"

உன் கண்ணில் அந்தப் பயத்தைப் பார்த்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். உன் கேள்வி அவருக்குப் போகவே இல்லை, உனக்கு யாரும் பதில் சொல்லவே இல்லை என்று. வரவில்லை. வந்தது வேறு.

"நெசமா இருந்தா என்னையும்தான் விடுவாங்க. உனக்கு முன்னாடியே வெச்சவ நான்."

நீ என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"ஆமால்ல" என்றாய். "அப்ப சரி. நீ இருப்பே. நான் தனியா இருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவில்லை. நிம்மதியாகத் தூங்கினாய். நான் சொன்ன பாதி உண்மையை நம்பித்தான் நீ தைரியமாகப் போனாய், அக்கா. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நான் இங்கே இருக்கிறேன்.

ஜெயா